அமர்வில் உள்ளார்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவன் குழந்தைகள் காப்பக வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மகள் திங்கட்கிழமை அவன் மாமியாரோடு வெளியூர் போய்விடுவாள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அவன் ஐந்து வாரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அதை விட்டு அவன் எழுந்தால் ஊரே அழிந்துவிடும் என்று அலுவலகம் நம்பிக்கொண்டிருந்தது.

ஊர் என்றால் ஊரின் வரைபடம். பதினோராயிரத்து நானூறு மனைகள். ஒவ்வொன்றையும் பழைய காகிதப் படத்தைப் பார்த்துக் கணினியில் புதிதாக வரைய வேண்டும். கடைசி மனை ஏறிய பிறகுதான் திரையின் மூலையில் இருக்கும் 'சமர்ப்பி' என்ற பொத்தான் ஒளிரும். அதுவரை எதையும் சேமிக்க முடியாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த மென்பொருள் இரண்டு துண்டு. ஒரு துண்டு மேஜைமேல் இருக்கும் கணினியில். இன்னொன்று வேறெங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் சேவையகத்தில். முதல்முறை உள்ளே நுழையும்போது சேவையகம் ஓர் எண்ணைக் கொடுக்கும். அதன்பிறகு மேஜைக் கணினி என்ன அனுப்பினாலும் அந்த எண்ணையும் கூடவே காட்ட வேண்டும். காட்டினால், நம்ம ஆள்தான் என்று சேவையகம் வாங்கிக்கொள்ளும். இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை என்றால், ஆள் போய்விட்டார் என்று எண்ணை ரத்து செய்து, வாங்கியதையெல்லாம் துடைத்துவிடும். இதற்கு உலகம் முழுக்க செஷன் என்று பெயர். விற்ற நிறுவனம் எல்லாவற்றையும் தமிழில் தர ஒப்புக்கொண்டிருந்ததால், அதன் முதலாளி தன் மச்சானைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். மச்சான் பள்ளிக்கூட வாத்தியார். அகராதியைப் புரட்டி 'அமர்வு' என்று போட்டார். தப்பில்லை. ஆனால் வரைபட அலுவலகத்தில் எழுத்துக்கு எழுத்து படிக்கிற பழக்கம்.

மூன்றாம் நாளே வினை வந்தது. மூத்த வரைவாளர், எல்லோருக்கும் கண்ணாடி அக்கா, தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நடையில் யாரோ பல்வலி பற்றிக் கேட்கப்போக, நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது திரையில் ஒரு பெட்டி: 'அமர்வு முடிந்தது. சேமிக்கப்படாத தரவுகள் நீக்கப்பட்டன.' அறுநூறு மனை போச்சு. மேலாளர் விசாரணை வைத்தார். என்ன செய்தீர்கள், எதை அழுத்தினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா எதையும் அழுத்தவில்லை. எழுந்தார், அவ்வளவுதான்.

மேலாளர் அந்தப் பெட்டியை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் அவருக்கு வேண்டியது கிடைத்தது. 'அமர்வு தொடர, பயனரின் இருப்பு அவசியம்.' அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. அமர்வில் உள்ளவர் எக்காரணம் கொண்டும் எழக்கூடாது. ஆள் மாற வேண்டுமென்றால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதினைந்தாம் பக்கம் பதில் சொன்னது. 'அமர்வைப் பகிரும்போது இரு தரப்பும் ஒரே நேரத்தில் செயலில் இருத்தல் வேண்டும்.' மேஜைக் கணினியும் சேவையகமும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று வாத்தியார் எழுதிய வரி அது. மேலாளர் நாற்காலியின் கைப்பிடிகளைக் கழற்றச் சொன்னார். அன்றிலிருந்து, வருகிறவர் இடது பக்கம் பாதி உட்காருவார். போகிறவர் வலது பக்கம் நகர்ந்து கொடுப்பார். மேலாளர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். மூன்றில் போகிறவர் வழுக்கி இறங்குவார், மேலாளர் திரையில் பெயரை மாற்றுவார். வெட்கப்பட்டவர்களும் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள்.

நிறுவனத்திலிருந்து ஒரு நிரல் எழுதுகிறவர் வந்து பார்த்தார். நாற்காலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தூக்கி வெளியே போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார். அப்படியானால் ஏன் அமர்வு என்று பெயர் வைத்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். அது வாத்தியார் வைத்த பெயர் என்றார் வந்தவர். சரி, சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாற்காலியை நானே தூக்கிப் போடுகிறேன் என்றார் மேலாளர். வந்தவர் தன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

இவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவன் மனைவி இறந்து எட்டு மாதம். காய்ச்சல், மூன்று நாள். மூன்றரை வயதில் ஒரு மகள். மாமியார் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டார். இவன் அலுவலகம் வந்தான், போனான். நாற்காலிக்கு ஆள் தேடியபோது ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மாமனார். இவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை. உட்கார்ந்தான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவுப் பணிக்கு ஒட்டகம் என்கிற உயரமான எழுத்தர் வரும்வரை. மதியம் கால் மணி நேரம் அக்கா மாற்றிவிடுவார். மணிக்குப் பத்து மனை வரைந்தான். அலுவலகம் அவனுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்தது.

உண்மையைச் சொன்னால், அவனுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நாலு கோடு வரைந்தால் ஒரு மனை. அந்த மனையில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று படத்தில் இருக்காது.

அவன் வீட்டுக்குப் போகும்போது மகள் தூங்கியிருப்பாள். கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். போன வாரம் ஒருநாள் மாமியார் விழித்திருந்து கதவைத் திறந்தார். அவர் கத்தவில்லை. ஊரில் தன் வீட்டுக்காரர் தனியாகக் கஷ்டப்படுகிறார், எத்தனை நாள்தான் இங்கேயே கிடப்பது, திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்றார். குழந்தையை என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீங்க போய் அவளைக் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை. வந்துட்டா அவ உங்ககிட்ட இருக்கட்டும், நான் மாசம் ஒரு தடவை வந்து பார்த்துக்கிறேன். வரலைன்னா என்கூட வரா. இதுல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல."

அவன் சரி என்றான். ஏற்கெனவே இரண்டு தடவை சரி என்று சொல்லிப் போகாமல் இருந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமைக்காக மேலாளரிடம் செவ்வாய்க்கிழமையே சொல்லி வைத்தான். அவர் கெட்டவர் இல்லை. மூன்று இருபதுக்கு அக்காவை உட்கார வைக்கிறேன், மூன்றரைக்கு நீ கிளம்பு, அரை மணி நேர நடைதானே என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். சொன்னபடி மூன்று இருபதுக்கு அக்கா வந்து இடது பக்கம் பாதி உட்கார்ந்தார். அவன் வலது பக்கம் நகர்ந்தான். மேலாளர் ஒன்று என்றார். இரண்டு என்றார்.

ஐந்து வாரம் ராப்பகலாகச் சுமந்த நாற்காலி இரண்டில் உடைந்தது. கால் மடக்கென்று முறிந்து, அவனும் அக்காவும் தரையில் கிடந்தார்கள்.

அக்காவுக்கு அடிபட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் மனைகளும் அப்படியே இருந்தன. மூன்று எண்ணாததால் மேலே இன்னும் அவன் பெயரும், பக்கத்தில் பச்சை எழுத்தில் 'அமர்வில் உள்ளார்' என்பதும் இருந்தன.

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி போய்விட்டது, அமர்வு போகவில்லை என்றார். அப்படியென்றால் அமர்வு நாற்காலியில் இல்லை என்றார். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவர் சரியான பாதையில் போய்க்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு அடி.

"அப்ப அமர்வு தம்பிகிட்டதான் இருக்கு" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அக்காகூட, அதுவும் சரிதான் என்பதுபோல் பார்த்தார். தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேதான் அமர்வு, தரையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுந்திருக்க மட்டும் கூடாது என்று முடிவாயிற்று. இனி ஆள் மாற்றவும் முடியாது, அவர்தானே அமர்வு. ஒருவர் ஓடிப்போய் அவன் முதுகுக்குக் கோப்புக் கட்டு ஒன்றை அண்டக்கொடுத்தார்.

அவன் நான்கு மணி விஷயத்தை நினைவூட்டினான். மேலாளர் அதை மறக்கவில்லை. அதற்கும் வழி யோசித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த நிலையிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்றார். நாலு பேர் இருந்தால் போதும். காப்பகத்துக்குப் போய்க் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம். ஒட்டகம் இருந்தால் ஒரு பக்கம் உயரமாகிவிடும், நல்லவேளை அவர் இன்னும் வரவில்லை. மின்தூக்கிக் கதவு சம்மணம் போட்ட ஆளுக்குப் போதுமா என்று அளக்க ஒருவர் அளவு நாடாவோடு போனார். வரைபட அலுவலகம் அல்லவா, நாடாவுக்குப் பஞ்சமில்லை.

மணி மூன்று இருபத்தெட்டு.

அவன் தரையில் இருந்தான். தரையும் நன்றாகத்தான் இருந்தது. கோப்புக் கட்டு முதுகுக்கு இதமாக இருந்தது. யாராவது தூக்கினால் போவான். தூக்காவிட்டால் திங்கட்கிழமைவரை இங்கேயே இருப்பான். மகள் பஸ் ஏறியிருப்பாள். அதன்பிறகும் உட்கார்ந்திருப்பான். ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார்கள். அப்படி இருந்துவிட முடியும் என்பது அவனுக்கு அந்த நிமிடம் தெளிவாகத் தெரிந்தது. எட்டு மாதத்தில் அவன் முதல்முறையாகப் பயந்தது அப்போதுதான்.

எழுந்தான். இரண்டு முழங்காலும் சொடுக்கின.

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மட்டும் தரையில் இருந்தபடியே எட்டி, சுட்டியைப் பிடித்து, அடுத்த மனையின் நாலு கோட்டையும் வரைந்தார். சேவையகம் வாங்கிக்கொண்டது. பச்சை எழுத்து மாறவில்லை.

மேலாளர் ஒரு கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த அவனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"ஒண்ணும் ஆகல. தம்பி உட்கார்ந்துதான் இருக்கார்."

அவன் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. உட்கார்ந்திருப்பவரை எப்படித் தடுப்பது.

கீழே வாசலில் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி தன் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அந்தத் திரையும் அதே சேவையகத்தோடுதான் அமர்வைப் பகிர்ந்துகொண்டிருந்தது. அவன் இரண்டாவது மாடியில் அமர்வில் இருப்பதாகவும், அமர்வில் உள்ளவர் வெளியேற இயலாது என்றும் அதில் இருந்தது.

"நான் இங்க நிக்கிறேனே அண்ணே" என்றான்.

"எனக்குத் தெரியுது தம்பி. இதுக்குத் தெரியல."

நாலு வருடமாகத் தினமும் பார்க்கிற மனிதர். ஆனால் போன மாதம் இப்படி ஒருவரைத் தெரிந்த முகம் என்று விட்டுவிட்டு, எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. எதற்கும் மேலே கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தார். இரண்டு வார்த்தை பேசினார். நிறைய கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு அவனைக் கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்தார். அவன் மேலே நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறானாம். மேலாளர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாராம். தொந்தரவு செய்ய வேண்டாமாம்.

"அப்ப நான் யாரு?"

காவலாளி இதை ஒரு நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். யோசித்தார். ஊழியர் மேலே இருக்கிறார். இவர் ஊழியர் இல்லை. ஊழியர் இல்லாமல் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு. மேஜை இழுப்பறையைத் திறந்து பார்வையாளர் சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார். சீட்டைப் பூர்த்தி செய்து, சந்தித்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கையால் கதவைத் திறந்துவிடலாம், அட்டை தேவையில்லை.

அவன் தன் பெயரை எழுதினான். சந்திக்க வந்தது யாரை என்ற இடத்திலும் அதையே எழுதினான். காவலாளி தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமா."

உறவு என்ற கட்டம் வந்தது. அவன் கொஞ்சம் யோசித்து, தூரத்துச் சொந்தம் என்று எழுதினான். வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. வாசல் கடிகாரத்தில் மூன்று முப்பத்தாறு. அவன் எழுதினான்: துக்கம் விசாரிக்க.

காவலாளி அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எட்டு மாசம் ஆச்சே தம்பி."

"இப்பத்தான் வர முடிஞ்சது."

"எப்படி இருக்கார்?"

"உட்கார்ந்திருக்கார்."

காவலாளி தலையாட்டினார். சந்தித்தவர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினார். அவன் போட்டான். அவர் கதவைக் கையால் இழுத்துத் திறந்து, பார்த்துப் போங்க என்றார்.

அவன் நடந்தான். பிறகு ஓடினான். ஐந்து வாரம் மடங்கியே இருந்த கால், முதல் தெருவில் மரக்கட்டையாக இருந்தது. இரண்டாவது தெருவில் வலித்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பயந்து வழிவிட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நாற்பது பெட்டி சரக்கு ரயில், ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் போயிற்று. அவன் எண்ணவில்லை. எண்ணினால் நாற்பது என்று தெரிந்துவிடும்.

காப்பகம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். முன்னறையில் சின்னச் சின்னச் செருப்புகள். சுவர் ஓரமாகப் பெஞ்சு. அதில் மாமியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் வராவிட்டால் கூட்டிப்போக வந்திருந்தார். சுவர்க் கடிகாரம் நாலு ஏழு காட்டியது.

ஆயா அவனைப் பார்த்ததில்லை. தெரியாத ஆளிடம் குழந்தையைக் கொடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வாயைத் திறக்கவில்லை. சரி, குழந்தையின் பை எது என்று காட்டுங்கள் என்றாள் ஆயா. வீட்டு ஆட்களுக்குப் பை தெரியும், அதுதான் அவள் வழக்கம். ஆணியில் பதினான்கு பைகள் வரிசையாகத் தொங்கின. அவன் வரிசையின் முன் நின்றான். மஞ்சள், நீலம், முயல் போட்டது, ஜிப் அறுந்தது. வாங்கியது யார் என்று தெரியும். என்ன நிறம் என்று தெரியாது.

நீலத்தைத் தொட்டான்.

"அது சுண்டெலியோடது" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மகள் கதவோரம் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தாள். சுண்டெலி என்பது யாரோ ஒரு பையன். அவள் நொண்டியபடி வந்து, எம்பி, மூன்றாவது ஆணியிலிருந்து ஒரு பச்சைப் பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, நிதானமாக.

"இது. எடுத்துக்க."

ஆயா சிரிக்கலாமா வேண்டாமா என்று மாமியாரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். தாமதமாக வந்ததற்கும், பை தெரியாததற்கும் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தான். ரயில் என்று ஆரம்பித்தான்.

மாமியார் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேத்தியின் இன்னொரு செருப்பைப் பெஞ்சுக்கடியிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகம் மாப்பிள்ளை. எப்பவுமே அப்படித்தான்" என்றார்.

ஆயா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவன் மண்டியிட்டான். மகள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினாள். அந்தச் செருப்பில் வார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டான்.